கித்தான் கூடாரம் அமைக்கும் முறை



தோட்டத்தில் திருமணமோ கோயில் திருவிழாவோ நடைபெறும் நாள்களில் பந்தலின்மேல் கித்தான் விரித்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மாலையில் பெருமழை கொட்டும்போது அக்கித்தானின் நடுவே நீர் தேங்கி, பெரிய வயிறுபோல் கீழே தொங்கும். பெரியவர் ஒருவர் நீண்ட மூங்கிலை எடுத்து வந்து அதனை அடியிலிருந்து மெல்ல மேலே தள்ளுவார். நீர் ஓரத்தில் அருவிபோல் கொட்டும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். சற்று நேரத்தில் மீண்டும் வயிறு தொங்கும். மீண்டும் மூங்கில் வரும்.

பந்தலில் விழித்திருந்து நீரைத் தள்ளுவதற்கு ஆள் உண்டு. காட்டிலோ ஆற்றங்கரையிலோ ஒரே ஒரு கித்தானின்கீழ் நள்ளிரவில் உறங்குவோர்க்கு யார் நீர் தள்ளுவார்? ஆதலின் தானாகவே நீர் வழிந்தோடும்படி கூரையை அமைக்கக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். கித்தான் மழையைத் தடுக்கிறது என்று பலரும் கருதுகின்றனர். அஃது அவ்வளவு சரியன்று. வானத்திலிருந்து விழும் நீர் எங்கேனும் போய்த்தான் ஆக வேண்டும். அது போகும் வழியை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கிறோமா, அன்றி நீரே தீர்மானிக்கும்படி விட்டு விடுகிறோமா என்பதுதான் வினா.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்குச் சேரும் நீர் சரியாக 1 லிட்டர் ஆகும். நம்மிடம் 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய கித்தான் ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதன் பரப்பு 12 சதுர மீட்டர். அதனை நான்கு கம்புகளில் மேசைப் பலகைபோல் மட்டமாகக் கட்டி விட்டோம். நம் நாட்டு மாலை மழையில் ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீட்டர் பெய்வது வியப்பன்று. அவ்வாறு பெய்தால் அக்கூரையின்மேல் விழும் நீர் 300 லிட்டர்; அதன் எடை 300 கிலோகிராம்; அதாவது 50 கிலோகிராம் அரிசி மூட்டைகள் ஆறு! அதில் மூன்றில் இரண்டு பங்கு வழிந்தே போயிற்று என்றாலும், இரண்டு மூட்டை அரிசி உறங்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்குகிறது. முடிச்சு அவிழ்ந்தாலோ கம்பு முறிந்தாலோ என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் இதனை இவ்வாண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. பெற்றோரும் இப்பகுதியைப் படித்தல் நலம். 2022 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், பொழுது விடிவதற்கு முன்னர், சிலாங்கூர் மாநிலத்துப் பாத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. பள்ளி விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் உறங்கிக் கொண்டிருந்தோருள் 31 பேர் மாண்டனர். பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். அதன் பின்னர் முகாம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், இன்று ஆறாம் ஆண்டில் பயிலும் சிறுவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில், நண்பர்களோடு அருவிக்கரையில் இரவு தங்கப் புறப்படத்தான் போகிறான். அப்போது ஆசிரியரும் உடன் இரார், அனுமதிக் கடிதமும் இராது. எந்த இடத்தில் படுக்கக் கூடாது என்பதை அவன் அதற்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. வீட்டிலேயே வைத்திருத்தல் அவனுக்கு அதனைக் கற்றுத் தராது.

ஆகவே, கயிற்றையும் கித்தானையும் தொடுவதற்கு முன் இடத்தைப் பார்ப்போம். பிள்ளைகள் பெரும்பாலும் இதனை விரைந்து முடித்துவிட்டு முடிச்சுப் போட ஓடுவர். கூடாரம் அமைக்கும் வேலையில் பாதி, இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்து விடுகிறது என்பதை அவர்களுக்கு எத்தனை முறை கூறினாலும் தகும்.

செங்குத்தான சரிவின் அடியிலும், மண் வெட்டி எடுத்த மேட்டின் கீழும் கூடாரம் அடித்தல் ஆகாது. பல நாள் மழையில் ஊறிய மண் எப்போது நழுவும் என்று யாராலும் கூற இயலாது. சரிவில் வெடிப்புக் காணப்படினும், மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பினும், முன்பு இல்லாத இடத்தில் சேற்று நீர் கசியினும் அவ்விடத்தை விட்டு உடனே அகல வேண்டும்.

ஆற்றங்கரை அழகானதுதான். ஆயினும், இங்கு வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெருமழை பெய்திருக்கக் கூடும். அந்நீர் திடீரென்று சுவர்போல் எழுந்து வருவதை மலாய் மக்கள் 'கெப்பாலா ஆயர்' என்பர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், தொலைவில் இரைச்சல் எழுதல் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் பாத்திரத்தையும் பையையும் தேடாமல் மேட்டுக்கு ஓடுதல் வேண்டும். 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள் பேரா மாநிலத்தில் கம்பாருக்கு அருகேயுள்ள போஸ் டிப்பாங் என்னும் ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பில் ஆற்று வெள்ளம் சேற்றையும் மரக்கட்டைகளையும் அடித்துக் கொண்டு வந்ததில் 44 உயிர்கள் மாய்ந்தன. காட்டையும் ஆற்றையும் நம்மினும் நன்கு அறிந்த மக்களுக்கே அந்நிலை என்றால், ஓர் இரவு தங்கச் செல்லும் நாம் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும்! கரையோரப் புதர்களை உற்று நோக்குங்கள். காய்ந்த சருகும் நெகிழிப் பையும் எந்த உயரத்தில் சிக்கியுள்ளனவோ, அந்த உயரம்வரை முன்பொரு நாள் வெள்ளம் வந்துள்ளது என்று பொருள். அதனினும் நன்கு மேடான இடமே நமக்கு ஏற்றது.

அடுத்து, தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பட்ட மரமும் பட்ட கிளையும் காற்றில்லாத இரவிலும் விழும். தென்னை, டுரியான் ஆகிய மரங்களின் அடியில் எவரும் படுக்க மாட்டார் என்று எண்ண வேண்டா. நிழலைக் கண்டதும் பிள்ளைகள் அங்கேதான் பையை வைப்பர். இரப்பர் மரம் பலத்த காற்றில் முறியும் தன்மை உடையது. மேற்குக் கரையோரத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், பொழுது விடிவதற்கு முன்னர் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று மழையோடு வருவதுண்டு. எல்லாரும் அயர்ந்து உறங்கும் நேரம் அது. புறப்படுவதற்கு முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்த்தல் ஆசிரியரின் கடமை. இடி மின்னலின்போது கித்தான் எவ்விதப் பாதுகாப்பும் அளிக்காது என்பதையும் நினைவிற் கொள்க. அருகில் கட்டடமோ பேருந்தோ இருப்பின் அதனுள் செல்வதே முறை.

இனிக் கூரைக்கு வருவோம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது இரு பக்கமும் சரிந்த கூரை. இதற்கு வேண்டியவை: முன் கூறிய 4க்கு 3 மீட்டர் கித்தான் ஒன்று, சுண்டுவிரல் பருமனில் 10 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று, அதனினும் மெல்லிய, 2 மீட்டர் நீளமுள்ள இழுகயிறுகள் ஆறு, மர முளைகள் ஆறு. முளை ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருந்தால் போதும். ஒன்றிரண்டு கூடுதலாக வைத்திருப்பது நல்லது. முளை காணாமற்போகாத முகாமை நாம் இதுவரை கண்டதில்லை.

ஐந்து அல்லது ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்கும், உயிருள்ள, தடித்த மரங்கள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்திற்குள்ளேயே பயிற்சி செய்வதாயின் நிருவாகத்தின் இசைவைப் பெற்ற பின்னரே செய்ய வேண்டும். பால்வெட்டும் பட்டையின்மேல் கயிற்றை இறுக்குதல் கூடவே கூடாது. அந்தப் பட்டையில்தான் உங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டு அடுப்பு எரிகிறது. எந்த மரமாயினும் கயிறு படும் இடத்தில் சணல் சாக்கை மடித்துச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள்.

முதல் மரத்தில் போட வேண்டிய முடிச்சைச் சாரணர் பயிற்சியில் 'மானுக்' என்னும் மலாய்ப் பெயரால் உங்களிற் பலர் அறிவீர்கள். கயிற்றை மரத்தைச் சுற்றி ஒரு முறை கொண்டு வந்து, முதற்சுற்றின்மேல் குறுக்காகக் கடந்து, மறுபடியும் ஒரு முறை சுற்றி, அந்த இரண்டாம் சுற்றின் அடியில் நுனியை நுழைத்து இழுத்தால் அது தன்னைத்தானே இறுக்கிக் கொள்ளும். நுனியைக் கொண்டு மேலும் ஓர் அரைமுடிச்சு இட்டால் நழுவாது. இரண்டாம் மரத்தில் கயிற்றை இரண்டு முறை சுற்றி, இருவர் சேர்ந்து நன்றாக இழுத்து, இரண்டு அரைமுடிச்சுகளால் பூட்ட வேண்டும். இதுவே முகட்டுக் கயிறு. கித்தானின் பாரம் ஏறியதும் இக்கயிறு சற்றுத் தாழும். ஆதலின் வேண்டிய உயரத்தைக் காட்டிலும் நான்கு விரல் உயர்த்திக் கட்டுங்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும்? இங்கேதான் கணிதம் நமக்குத் துணை வருகிறது. கித்தானை நீளவாக்கில் இரண்டாக மடித்து முகட்டுக் கயிற்றின்மேல் போட்டால் இரு பக்கமும் 1.5 மீட்டர் தொங்கும். முகட்டின் உயரம் 1.2 மீட்டர் ஆனால், ஓரங்களைத் தரைவரை இழுத்துக் கட்டும்போது உள்ளே கிடைக்கும் அகலம் 1.8 மீட்டர். உயரத்தை 0.9 மீட்டராகக் குறைத்தால் அகலம் 2.4 மீட்டராகும். அகலம் கூடுகிறதே என்று மகிழ்ந்து முகட்டை மேலும் மேலும் தாழ்த்தினால், கூரை மட்டமாகிப் பந்தலில் தொங்கிய வயிறு மீண்டும் வந்துவிடும். மழை மிகுந்த இடத்தில் உயர்ந்த முகடே தேவை. காற்று மிகுந்த வெளியில் தாழ்ந்த முகடு நன்று, ஆனால் 0.9 மீட்டருக்குக் கீழே போக வேண்டா. பொதுவாக 1.2 மீட்டர், அதாவது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாடை அளவு உயரம், நம் நாட்டிற்கு ஏற்றது.

இவ்வாறு அமைந்த கூரையின்கீழ், நீளவாக்கில் மும்மூவராக இரண்டு வரிசையில் ஆறு சிறுவர் படுக்கலாம். இரு முனையிலும் அரை மீட்டருக்குக் குறையாமல் காலியாக விடுக. சாரல் அங்கே அடிக்கும்.

நான்கு மூலைகளையும், இரு நீண்ட ஓரங்களின் நடுவையும் முளைகளில் கட்ட வேண்டும். முளையை நேராக அடித்தல் கூடாது. அதன் தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்குமாறு அடித்தால்தான் கயிறு இழுக்கும்போது மண்ணை விட்டு எழாது. மண் சேறாக இருப்பின் முளைக்குப் பதில் கனமான கட்டை ஒன்றில் கயிற்றைக் கட்டி, அக்கட்டையை முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. கித்தானின் ஓரத்துப் பித்தளை வளையம் பிய்ந்து போயிருந்தால் கவலை வேண்டா: வழவழப்பான சிறு கூழாங்கல் ஒன்றை மூலையில் வைத்துத் துணியால் மூடி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்குங்கள், வளையத்தைவிட உறுதியாக நிற்கும்.

இழுகயிற்றிற்கு, கையால் தள்ளினால் நகர்வதும், கயிறு விறைத்தால் அசையாமல் பற்றிக் கொள்வதுமான முடிச்சு ஒன்று உண்டு. இதனைக் கற்றுக்கொண்ட சிறுவன் நள்ளிரவில் எழுந்து முடிச்சை அவிழ்த்துக் கட்டும் துன்பத்திற்கு ஆளாகான். கயிற்றின் நுனியை முளையைச் சுற்றித் திருப்பிக் கொண்டு வந்து, விறைத்த கயிற்றின்மேல் வளையத்தின் உட்புறமாக, முளையை நோக்கி இரண்டு முறை சுற்றுக. பிறகு அச்சுற்றுகளுக்கு மேலே, வளையத்தின் வெளிப்புறத்தில், அதே கயிற்றின்மேல் ஒரு முறை சுற்றி நுனியை நுழைத்து இறுக்குக. வழுக்கும் கயிறாயின் உட்சுற்றை மூன்றாக்குக. படித்துப் புரியவில்லையா? மேசைக் காலில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்துக்கொண்டு இப்பத்தியை மறுமுறை படியுங்கள்.

கயிற்றின் குணத்தையும் அறிய வேண்டும். பருத்தி, சணல் போன்ற நார்க் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். மாலையில் மிக இறுக்கிக் கட்டினால் இரவு மழையில் முளையையே பிடுங்கி விடும். ஆதலின் பழைய சாரணர்கள் உறங்கப் போகுமுன் கயிற்றைச் சற்றுத் தளர்த்துவர். இக்காலத்து நைலான் கயிறோ இதற்கு நேர்மாறு. நனைந்தால் நீளும், ஆகவே மழை தொடங்கியதும் இறுக்க வேண்டும். கையில் இருப்பது எந்தக் கயிறு என்று தெரியாமல் பாட்டனார் சொன்னதையோ அண்ணன் சொன்னதையோ பின்பற்றிப் பயனில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. மழை நீர் மரத்தில் வழிந்து, முகட்டுக் கயிற்றின் வழியே ஊர்ந்து, கூரைக்குள்ளேயே சொட்டும். எங்கும் ஓட்டை இல்லையே, நீர் எப்படி வந்தது என்று பலர் வியப்பர். கித்தானுக்கு வெளியே முகட்டுக் கயிற்றில் ஒரு சாண் நூலையோ துணித்துண்டையோ தொங்க விட்டால், நீர் அதன் வழியே கீழே இறங்கிவிடும். தரைவிரிப்பின் ஓரமும் இவ்வாறே தொல்லை தரும். கூரைக்கு வெளியே அது நான்கு விரல் நீண்டிருந்தாலும், கூரையில் வழியும் நீர் முழுதும் அதன்மேல் விழுந்து படுக்கைக்கு அடியில் வந்து சேரும். ஓரங்களை உட்புறமாக மடித்து வையுங்கள்.

கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது அதனை நாம் கற்பிப்பதில்லை. வெட்டிய மண் அடுத்த மழையில் கரைந்தோடி இடமே பாழாகிறது. சற்றே மேடான, நீர் தேங்காத தரையைத் தேர்ந்தெடுத்தால் வாய்க்காலுக்குத் தேவையே இல்லை.

காற்று வரும் பக்கத்தின் ஓரத்தைத் தரையோடு சேர்த்துக் கட்டி, மறு பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி விடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் இரு பக்கமும் மூடினால் மூச்சுக் காற்றின் ஈரம் கித்தானின் உட்புறத்தில் படிந்து சொட்டும். அடுப்பை ஒருபோதும் இக்கூரையின்கீழ் மூட்டலாகாது. நெகிழிக் கித்தான் தீப்பட்டால் உருகிச் சொட்டும். அச்சொட்டுத் தோலில் ஒட்டிக் கொண்டு எரியும். மூடிய இடத்தில் எரியும் கரியின் நச்சுக் காற்றோ, மணமின்றியே உயிரைப் பறிக்கும். சமையலுக்கு வேறு இடம், வேறு கூரை.

காலையில் கூடாரத்தைப் பிரிக்கும்போது முளைகளை எண்ணிப் பையில் இடுங்கள். ஈரக் கித்தானைச் சுருட்டி அப்படியே பொருளறையில் போட்டுவிட்டால் பூசணம் பூத்துவிடும். பள்ளிக்குத் திரும்பியதும் வேலியில் விரித்து, இரு புறமும் காய வைத்து மடிக்க வேண்டும்.

பயிற்சி: 50 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேசைமேல் கூரைபோல் நிறுத்துங்கள். அடியில் உள்ள அகலம் 24 சென்டிமீட்டர் இருக்குமாறு வைத்து, முகட்டின் உயரத்தை அடிக்கோலால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். அதனைப்போல் பத்து மடங்கு பெரிய கித்தான் கூரை ஒன்றின்மேல் ஓர் இரவில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால், இரு பக்கமும் வழிந்தோடும் நீர் எத்தனை லிட்டர்? கித்தானின் முழுப் பரப்பைக் கொண்டு கணக்கிட வேண்டா. அக்கூரை தரையில் மறைக்கும் பரப்பைக் கொண்டே கணக்கிடுங்கள். முகட்டின் உயரத்தை மீட்டரிலும், நீரின் அளவை லிட்டரிலும் எழுதி வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்.